கதவுக்கும் கதவுக்கும் நடுவுல

வாசகர் கேள்வி: வணக்கம் மேடம். கெமிஸ்ட்ரில எம்.எஸ்சி. முடிக்கப் போறேன். அமெரிக்காவுல பிஹெச்.டி. பண்ண மூணு இடத்துல அட்மிட் வந்திருக்கு, மினசோட்டா, டெக்சாஸ் ஏ அண்ட் எம், அரிசோனா ஸ்டேட். எங்க காலேஜ்ல சுடிதார்தான், துப்பட்டாவை பின் பண்ணியே ஆகணும், வேற எதுவும் போட்டு பழக்கமே இல்ல. சீனியர்ஸ்கிட்ட கேட்டா ஒருத்தர் அங்க பைஜாமாவோடயே கிளாசுக்கு வருவாங்கன்றார், இன்னொருத்தர் பூட்ஸும் கோட்டும் இல்லாம வந்துடாதன்றார், ஒரு அக்கா எல்லாரும் ஷார்ட்ஸ்தான், நீ மட்டும் தனியா தெரிவேன்னு பயமுறுத்தறாங்க. அப்பா ஆறு செட் ஃபார்மல்ஸ் தைக்கச் சொல்றார். இதுல யார் சொல்றது உண்மை? ஊருக்கு ஊர் அவ்ளோ மாறுமா? அம்மா ஒரு பட்டுப்புடவை எடுத்துட்டு போகச் சொல்றாங்க, அதையும் சொல்லுங்க. (பெயர் வேண்டாம்)

பதில்:

மொதல்ல வாழ்த்துக்கள்மா, மூணுமே நல்ல டிபார்ட்மெண்ட். அமெரிக்காவுல ஒரு பல்கலைக்கழகத்துல வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆலோசகரா பல வருஷம் இருந்தவ நான், விசா பேப்பரை விட இந்த டிரெஸ் கேள்விதான் ஆகஸ்ட் மாசத்துல எங்கிட்ட அதிகமா வரும், ஆனா யாரும் நேரா கேக்க மாட்டாங்க, எதையோ கேட்டுட்டு எழுந்து கதவுகிட்ட போய் நின்னுகிட்டு "மேடம் இன்னொண்ணு"ன்னு ஆரம்பிப்பாங்க. நீங்க நேராவே கேட்டுட்டீங்க, சந்தோஷம்.

உங்க சீனியர்ஸ் மூணு பேரும் சொல்றது உண்மைதான். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க நிக்கற ஊரை, அவங்க கண்ல படற ஆளுங்களை வெச்சு சொல்றாங்க, அவ்ளோதான்.

பைஜாமா விஷயத்தை எடுத்துக்கோங்க. காலைல எட்டு மணி கிளாசுக்கு பைஜாமா பேண்ட், மேல ஒரு ஹூடி, கால்ல ஸ்லைட்ஸ்னு வர்ற பசங்க நிஜமாவே இருக்காங்க, எல்லா மாநிலத்துலயும் இருக்காங்க. ஆனா அவங்க பெரும்பாலும் முதல் வருஷம், ரெண்டாம் வருஷம் படிக்கற அண்டர்கிராட், அதாவது இளநிலை பசங்க, டார்ம்னு சொல்ற கேம்பஸ் ஹாஸ்டல்லயே தங்கறவங்க, படுக்கையிலேருந்து கிளாஸ் ரூமுக்கு அஞ்சு நிமிஷம் நடந்தா போதும். நீங்க பிஹெச்.டி. மாணவி, வெளில வீடு எடுத்து தங்கி பஸ் புடிச்சு வருவீங்க, உங்க லேப்ல இருக்கறவங்க எல்லாம் இருபத்தி நாலு இருபத்தஞ்சு வயசுக்கு மேல, ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்வெட்டர், ஸ்னீக்கர்ஸ்னு இருப்பாங்க. அதனால ஊர் வித்தியாசத்தை பாக்கறதுக்கு முன்னாடி அண்டர்கிராடா கிராட் ஸ்டூடண்டாங்கற வித்தியாசத்தை பாருங்க, ஏன்னா அங்க போட்டோல, ரீல்ஸ்ல நாம பாக்கறது முக்காவாசி அண்டர்கிராட் பசங்களைத்தான்.

இப்ப ஊருக்கு வருவோம். இத்தனை வருஷத்துல எனக்கு புரிஞ்ச ஒரு விஷயம் சொல்றேன். கிளாஸ் ரூமுக்குள்ள போயிட்டா அமெரிக்கா முழுக்க ஒரே ஊருதான். மினசோட்டாவுல வெளில மைனஸ் இருபது இருந்தாலும் உள்ள ஹீட்டர் போட்டு இருபத்தோரு டிகிரி, அரிசோனாவுல வெளில நாப்பத்தி மூணு இருந்தாலும் உள்ள ஏசி போட்டு அதே இருபத்தோரு டிகிரி, சில ஹால்ல அதுக்கும் கம்மி. அப்ப டிரெஸ் எங்க மாறுதுன்னா வீட்டு கதவுக்கும் கிளாஸ் கதவுக்கும் நடுவுல இருக்கற அந்த பத்து இருபது நிமிஷ நடையிலயும் பஸ் ஸ்டாப்புலயும்தான் மாறுது. அதுக்கு மேல அந்தந்த ஊர் பழக்கம், ஃபுட்பால், சில இடத்துல மதம், இதெல்லாம் ஒரு பூச்சு மாதிரி.

மினசோட்டாவை கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா தப்பா தயார் ஆனா உடம்புக்கு ஆபத்து இருக்கற ஊர் அதுதான். அந்த பல்கலைக்கழகம் இருக்கற மினியாபோலிஸ்ல ஜனவரி ராத்திரி சராசரியே மைனஸ் 12, 13 கிட்ட இருக்கும். 2019 ஜனவரி கடைசில போலார் வோர்டெக்ஸ்னு துருவத்து குளிர்காத்து இறங்கி வந்தப்ப மைனஸ் 33 வரைக்கும் இறங்கி, பனியோடயே வாழ்ந்து பழகின மினசோட்டா பல்கலைக்கழகமே கிளாஸை நிறுத்திச்சு, மிச்சிகன்லயும் நிறுத்தினாங்க. வெறும் டெம்பரேச்சரை மட்டும் பாக்கக்கூடாதும்மா, விண்ட் சில்னு ஒண்ணு இருக்கு, காத்து அடிக்கும்போது தோல்ல எவ்ளோ குளிர்ங்கற கணக்கு. மைனஸ் 18-ல மணிக்கு 24 கிலோமீட்டர் காத்து அடிச்சா மைனஸ் 28 மாதிரி இருக்கும், அதுல மூடாத தோல் அரை மணி நேரத்துல உறைய ஆரம்பிச்சுடும்னு அமெரிக்க வானிலை துறையே அட்டவணை போட்டு வெச்சிருக்கு. எங்கிட்ட ஒரு பையன் வந்தான், ஊர்லேருந்து ரொம்ப ஆசையா வாங்கின லெதர் ஜாக்கெட், பாக்க அவ்ளோ அழகு, ஆனா தலைல தொப்பி இல்ல, கைல கிளவுஸ் இல்ல, பஸ் லேட் ஆகி அவன் காது மடல் வெளுத்துப்போய் மரத்துப்போச்சு, ஹெல்த் சென்டர் கூட்டிட்டு போனேன். லெதர் காத்தை கொஞ்சம் தடுக்கும், சூட்டை பிடிச்சு வெக்காது. அந்த பையனோட முகம் இன்னும் எனக்கு மறக்கல, அதனாலதான் இவ்ளோ சொல்றேன்.

அங்க எல்லாரும் செய்யறது லேயர்ஸ். உடம்போட ஒட்டி ஒரு தெர்மல், அது காட்டனா இருக்கக்கூடாது, காட்டன் வேர்வையை உறிஞ்சி ஈரமாவே இருக்கும், ஈரம்தான் குளிரை உள்ள கொண்டு வரும், அதனால மெரினோ உல்லன் இல்ல பாலியெஸ்டர். அதுக்கு மேல ஃபிளீஸ் இல்ல ஸ்வெட்டர், அதுக்கு மேல காத்தும் ஈரமும் நுழையாத, தொடை வரைக்கும் வர்ற பார்க்காங்கற கனமான கோட்டு. உள்ள போனதும் ஒவ்வொண்ணா கழட்டி சேர் மேல போட்டுட்டு அரைக்கை டி-ஷர்ட்டோட உக்காந்திருப்பாங்க, வெளில பனி கொட்டிகிட்டிருக்கும், மொத தடவை பாக்கறப்ப விசித்திரமா இருக்கும். அந்த கேம்பஸ்ல கோஃபர் வேன்னு கட்டடத்துக்கு கட்டடம் சுரங்க நடையும் மேல கண்ணாடி பாலமும் இருக்கு, அதோட மேப்பை முதல் வாரமே பாத்து வெச்சுக்கோங்க, பாதி நடை உள்ளயே முடிஞ்சுடும். ஷூ விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க, பனி உருக ரோட்டுல உப்பு போடுவாங்க, அது நல்ல லெதர் ஷூவை ஒரே சீசன்ல வெள்ளை கறையாக்கிடும், தண்ணி புகாத பூட்ஸ் ஒண்ணு வேணும், அதுக்குள்ள போட உல்லன் சாக்ஸ். சுடிதார் பேண்ட் பாதத்துல தொங்கினா சகதி ஏறி நனைஞ்சு போகும், லெக்கிங்ஸ் பூட்ஸுக்குள்ள போகும், அதுக்கு மேல குர்தி தாராளமா போடலாம்.

இதெல்லாம் இங்க வாங்கிட்டு போகாதீங்க. ரெண்டு பெட்டி, பெரும்பாலும் ஒண்ணு 23 கிலோ, அதுல ஒரு கோட்டே மூணு கிலோ தின்னுடும், அதுவும் அந்த குளிருக்கு தாங்குமான்னு தெரியாது. மினசோட்டா மாநிலத்துல துணிக்கு சேல்ஸ் டாக்ஸ் கிடையாது, இது நிறைய பேருக்கு தெரியாது. கிளாஸ் ஆரம்பிக்கறது செப்டம்பர் சமயத்துல, அப்ப நல்ல வெயில்தான், பார்க்கா வாங்க அக்டோபர் வரைக்கும் டைம் இருக்கு, நூறு நூத்தம்பது டாலருக்கு உருப்படியா கிடைக்கும், தானம் வந்த துணி விக்கற த்ரிஃப்ட் கடைல அதுல கால்வாசி விலைக்கும் கிடைக்கும், படிச்சு முடிச்சு தெக்கு பக்கம் வேலைக்கு போறவங்க விட்டுட்டு போற கோட்டுங்க அங்க நிறைய.

அரிசோனா அதுக்கு நேர் எதிர். ஃபீனிக்ஸ்ல 2023 ஜூன் கடைசிலேருந்து ஜூலை கடைசி வரைக்கும் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல அடிச்சது. அரிசோனா ஸ்டேட் இருக்கற டெம்பி அதை ஒட்டின ஊரு, கிளாஸ் ஆகஸ்ட்ல, அந்த வெயில்லயே ஆரம்பிச்சுடும். அங்க ஷார்ட்ஸ், டேங்க் டாப், ஸ்லிப்பர்னு இருக்காங்கன்னா அது ஸ்டைல்னு மட்டும் நினைக்காதீங்க, அது அந்த வெயிலுக்கு அவங்க கண்டுபுடிச்ச பதில். அதே வெயிலுக்கு உங்ககிட்ட இன்னும் நல்ல பதில் இருக்கு, லூசான முழுக்கை காட்டன் குர்தா, காத்து உள்ள போய் வரும், தோல் எரியாது, அங்க வெயில்ல வேலை செய்யறவங்களும் முழுக்கைதான் போடறாங்க. அதோட தொப்பி, தண்ணி பாட்டில், பையில ஒரு மெல்லிசு ஹூடி, ஏன்னா லெக்சர் ஹால் ஏசில ஒண்ணேகால் மணி நேரம் நடுங்கிட்டு நோட்ஸ் எடுக்க முடியாது. அந்த அக்கா சொன்ன "தனியா தெரிவே" இந்த ஊருக்கு பொருந்தவே பொருந்தாது, இந்திய மாணவர்கள் அவ்ளோ பேர் இருக்கற கேம்பஸ் அது, குர்தா அங்க யாருக்கும் புதுசு இல்ல.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் ரெண்டுக்கும் நடுவுல, ஆனா பழக்க வழக்கம் ரொம்ப ஜாஸ்தி. ஆகஸ்ட்ல புழுக்கமும் வெயிலும் சேர்ந்து அடிக்கும். தெக்கு மாநிலங்கள் முழுக்க பொண்ணுங்க முழங்கால் வரைக்கும் தொங்கற பெரிய டி-ஷர்ட், அதுக்குள்ள ஷார்ட்ஸ் இருக்கா இல்லையான்னே தெரியாத மாதிரி போட்டுட்டு வருவாங்க, ஏன்னா கிளப்பு, சொராரிட்டிங்கற மாணவிகள் சங்கம், ஃபுட்பால், சர்ச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு டி-ஷர்ட் குடுத்துகிட்டே இருப்பாங்க, அலமாரி நிறைஞ்சுடும். ஆனா அதே பொண்ணு சனிக்கிழமை மேட்சுக்கு நல்ல ஃபிராக், கௌபாய் பூட்ஸ்னு வந்து நிப்பா, மிசிசிப்பி பல்கலைக்கழகத்துல குரோவ்னு மரத்தோப்பு இருக்கு, மேட்ச் அன்னிக்கு அங்க கல்யாண வீடு மாதிரி இருக்கும், பசங்க டை, போ-டை கட்டிட்டு வருவாங்க. உங்க சீனியர்ஸ் ஒருத்தர் ஒண்ணு சொல்ல இன்னொருத்தர் வேற சொல்றதுக்கு இதுவும் காரணம், ஒரே கேம்பஸ்தான், கிழமை வேற.

ஏ அண்ட் எம்ல தனியா ஒண்ணு இருக்கு, கோர் ஆஃப் கேடட்ஸ்னு ராணுவ பாணில பயிற்சி எடுக்கற மாணவர் படை. ரெண்டாயிரம் பேருக்கு மேல கேடட் மாணவர்கள், கிளாசுக்கே காக்கி யூனிஃபார்ம்லதான் வருவாங்க, கடைசி வருஷத்துக்காரங்க முழங்கால் வரைக்கும் பளபளன்னு பழுப்பு கலர் பூட்ஸ் போடுவாங்க, மொத நாள் பாத்து ஏதோ ராணுவம் வந்திருக்குன்னு பயப்படாதீங்க. அப்புறம் மெமோரியல் ஸ்டூடண்ட் சென்டர்னு பெரிய கட்டடம், 1951-ல திறந்தது, போர்ல இறந்த அவங்க மாணவர்கள் நினைவா கட்டினது, அதுக்குள்ள போனா தொப்பியை கழட்டணும், சுத்தி இருக்கற புல்லு மேல கால் வெக்கக்கூடாது. இது எழுதப்பட்ட டிரெஸ் கோடு இல்ல, ஆனா தெரியாம தொப்பியோட போனா யாராவது வந்து மெதுவா சொல்லுவாங்க, அவமானம் இல்ல, கழட்டிட்டு போயிடுங்க. மெரூன் கலர் அங்க உயிர், ஒரு மெரூன் டி-ஷர்ட் போட்டுட்டா பஸ்ல கூட "ஹௌடி"ன்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க. துணி வாங்கறதா இருந்தா டெக்சாஸ்ல ஆகஸ்ட் தொடக்கத்துல ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரைக்கும் நூறு டாலருக்கு கீழ இருக்கற துணிக்கு டாக்ஸ் இல்ல, அதுக்குள்ள போய் சேர்ந்தா பாத்துக்கோங்க. அந்த ஊர்லயும் ஒரு நல்ல ஜாக்கெட் இருக்கட்டும், 2021 பிப்ரவரில டெக்சாஸே உறைஞ்சு கரண்ட் இல்லாம கிடந்துச்சு.

மத்த ஊரு உங்களுக்கு இப்ப தேவையில்ல, ஆனா கேட்டீங்களே எவ்ளோ மாறும்னு. சியாட்டில்ல மழை பாதி வருஷம், ஆனா தூறல்தான், அதனால குடை கம்மி, தலைமூடி இருக்கற ரெயின் ஜாக்கெட் ஜாஸ்தி. டென்னசியில சவானின்னு ஒரு சின்ன பல்கலைக்கழகம், இன்னிக்கும் பசங்க கோட்டு டை, பொண்ணுங்க டிரெஸ் போட்டு கிளாசுக்கு போற பழக்கம் வெச்சிருக்காங்க, நல்ல மார்க் எடுத்தவங்க கருப்பு கவுனும் மாட்டிட்டு போவாங்க. யூட்டாவுல பிரிகம் யங் பல்கலைக்கழகத்துல மார்மன் சர்ச்சோட ஹானர் கோடு, ஆம்பளை பசங்க தாடி வெக்கக்கூடாது, அதுக்கு மத காரணமோ மருத்துவ காரணமோ இருந்தா தனியா அனுமதி வாங்கணும். அட்லாண்டாவுல மோர்ஹவுஸ் காலேஜ் 2009-ல ஆடை விதியே போட்டுச்சு. இந்த மாதிரி எழுதி வெச்ச விதி இருக்கற இடங்கள் விரல் விட்டு எண்ணலாம், உங்க மூணும் அரசு பல்கலைக்கழகம், கிளாசுக்கு இதான் போடணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

அந்த நாட்டுலயும் இது எப்பவும் இப்படி இல்லம்மா, இதை நீங்க தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படறேன். ஷார்ட்ஸ் போட உரிமை வேணும்னு 1930-ல டார்ட்மவுத் காலேஜ் பசங்க நூத்துக்கணக்குல ஷார்ட்ஸோட ஊர்வலம் போனாங்க. நியூயார்க்ல பர்னார்ட்ங்கற பெண்கள் காலேஜ் பொண்ணுங்க 1960-ல பேண்ட்டும் ஷார்ட்ஸும் போடக்கூடாதுன்னு வந்த தடையை எதிர்த்து போராடி, கடைசில பக்கத்துல இருக்கற கொலம்பியா கேம்பஸுக்குள்ள போறப்ப மட்டும் மேல நீள கோட்டு போட்டுக்கணும்னு சமாதானம் ஆச்சு. துப்பட்டா பின்னோட அஞ்சு வருஷம் கழிச்ச உங்களுக்கு அந்த பொண்ணுங்களோட கோவம் புரியும்னு நினைக்கறேன்.

உங்களுக்கு கண்டிப்பான விதின்னு ஒண்ணு இருக்குன்னா அது லேப்லதான், மூணு ஊர்லயும் அது ஒண்ணேதான், அதை தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. கால் விரல் தெரியாத ஷூ, கணுக்கால் வரைக்கும் மூடின பேண்ட், கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி, லேப் கோட்டு, முடியை தூக்கி கட்டணும், தொங்கற எதுவும் கூடாது. அரிசோனால எல்லாரும் ஷார்ட்ஸ்னு நீங்களும் ஷார்ட்ஸ்ல போனா லேப் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க, அதனால அங்க கெமிஸ்ட்ரி பசங்க லாக்கர்ல ஒரு பேண்ட், ஒரு ஷூ வெச்சிருப்பாங்க. துப்பட்டா லேப்ல வேண்டவே வேண்டாம். உள்ள போடறது காட்டனா இருக்கட்டும், நைலான், அக்ரிலிக், பாலியெஸ்டர் எல்லாம் தீ பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும். குளிருக்கு பாலியெஸ்டர் சொன்னேன், லேப் நாள்ல அது வேண்டாம், உல்லன் போட்டுக்கோங்க. 2008 டிசம்பர்ல யு.சி.எல்.ஏ. லேப்ல காத்து பட்டாலே தீப்பிடிக்கற கெமிக்கல் சிந்தி 23 வயசு ரிசர்ச் அசிஸ்டெண்ட் பொண்ணு ஒருத்தி தீக்காயம் பட்டு 18 நாள்ல இறந்துபோனா, அன்னிக்கு லேப் கோட்டு போடல, போட்டிருந்தது சிந்தெட்டிக் ஸ்வெட்டர். உங்க வயசுதான். இதை எழுதறப்ப எனக்கு கை நிக்குது.

அப்பா சொன்ன ஆறு செட் ஃபார்மல்ஸ்ல அஞ்சு வேண்டாம்னு அவர்கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க. ஒண்ணு வேணும், அடர் நீலமோ கருப்போ பேண்ட், பிளேசர், ஒரு ஷர்ட், கேரியர் ஃபேருக்கும் கான்ஃபரன்சுக்கும். அதுவும் மறந்துட்டா பரவாயில்ல, நிறைய பல்கலைக்கழகங்கள்ல கேரியர் க்ளோசெட்னு இன்டர்வியூ டிரெஸ் இலவசமா குடுக்கற ஏற்பாடு இருக்கு, போய் கேக்கணும் அவ்ளோதான். முதல் வருஷம் நீங்க டீச்சிங் அசிஸ்டெண்டா இருப்பீங்க பெரும்பாலும், அண்டர்கிராட் பசங்க முன்னாடி நிக்கறப்ப அவங்களை விட ஒரு படி நேர்த்தியா இருந்தா போதும், இஸ்திரி போட்ட குர்தி, ஜீன்ஸ், மூடின ஷூ. எங்க ஆபீசுக்கு வந்த ஒரு பையன் முதல் மாசம் முழுக்க டக்-இன் பண்ணி ஃபார்மல் ஷூவோட போய், கூட படிக்கறவங்க எல்லாம் "இன்னிக்கு உனக்கு இன்டர்வியூவா"ன்னு தினம் கேட்டு கேட்டு அவனே மனசு நொந்து வந்தான், யாரும் கிண்டல் பண்ணல, அவங்களுக்கு நிஜமாவே அப்படித்தான் தோணிருக்கு.

எடுத்துட்டு போறதுன்னா மூணு வாரத்துக்கு ஆகற துணி போதும், ஏழெட்டு காட்டன் குர்தி, நாலு லெக்கிங்ஸ், ரெண்டு ஜீன்ஸ், உள்ளாடை மட்டும் நிறைய எடுத்துட்டு போங்க, ஒரு ஸ்வெட்டர், நல்ல நடக்கற ஷூ ஒண்ணு. குர்தியை தைக்கறப்ப ஒரு சைஸ் லூசா தைங்க, அங்க வெயில்ல காயப்போடற பழக்கம் கம்மி, நிறைய அபார்ட்மெண்ட்ல பால்கனில துணி தொங்கவிட விடமாட்டாங்க, டிரையர்ல போட்டா காட்டன் சுருங்கும், சாயம் போறதை தனியா தண்ணில அலசி ரூம்குள்ளயே ஸ்டாண்ட் போட்டு காயவெக்கணும். மிச்சம் எல்லாம் போய், ரெண்டு வாரம் லேப்ல யார் என்ன போடறாங்கன்னு பாத்துட்டு வாங்குங்க. ஷார்ட்ஸ் போடணும்னு தோணினா போடுங்க, தோணலன்னா அஞ்சு வருஷமும் குர்தியிலயே இருந்துட்டு வாங்க, என் மாணவிகள்ல ரெண்டு விதமும் இருந்தாங்க, ரெண்டு பேரையும் யாரும் ஒண்ணும் கேட்டதில்ல, "இந்த டிசைன் அழகா இருக்கே எங்க வாங்கினே"ன்னு கேட்டதைத் தவிர.

பட்டுப்புடவை ஒண்ணு எடுத்துட்டு போங்கம்மா, கண்டிப்பா. தீபாவளிக்கு இந்திய மாணவர் சங்கம் ஏதாவது பண்ணுவாங்க, அன்னிக்கு வீட்டு நெனப்பு ரொம்ப வரும், அம்மா மடிச்சு வெச்ச புடவை கைல இருந்தா நல்லாருக்கும். பிளவுஸ், உள்பாவாடை, நாலஞ்சு சேஃப்டி பின் அதோடயே சுத்தி வெச்சுடுங்க, இதை மறந்துட்டு புடவையை மட்டும் எடுத்துட்டு வந்தவங்க எத்தனையோ பேர். மினசோட்டா போனா அந்த புடவைக்கு கீழ தெர்மல் லெக்கிங்ஸும் பூட்ஸும் போட்டுட்டு போய், ஹால் வாசல்ல பூட்ஸை கழட்டி செருப்பு மாத்திக்கலாம், அங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

ஃபண்டிங்கோட வர்ற ஆஃபருக்கு ஏப்ரல் 15 தான் வழக்கமான கடைசி நாள். டிரெஸ்ஸை வெச்சு முடிவு பண்ணாதீங்க, கைடு யாரு, ஸ்டைபெண்ட், அதாவது உதவித்தொகை எவ்ளோன்னு பாத்து முடிவு பண்ணுங்க. எந்த ஊருன்னு முடிவானதும் ஒரு வரி எழுதுங்க, மினசோட்டான்னா கோட்டு வாங்கறப்ப எந்த லேபிளை எப்படி படிக்கறதுன்னு தனியா எழுதறேன்.